சிவப்பு அம்பு

காலை வெயிலோடு போட்டி போடுகிறது உருப்பெருக்கியின் வட்ட விளக்கு. அதன் கீழே பச்சை மின்சுற்றுப் பலகையில் ஈயம் உருக்கிப் பற்றவைத்த நாற்பது சால்டர் புள்ளிகள். பற்றவைத்த அண்ணி பக்கத்திலேயே நிற்கிறாள். தேறினால் நாளை முதல் அவளுக்கு மருத்துவக் கருவிப் பிரிவில் வேலை. சோதிப்பவள் அவளுடைய நாத்தனார். குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது நாத்தனாரின் வேலை. முப்பத்தொன்பது முடிந்தும் அம்புத்தாள் அப்படியே இருக்கிறது. “கடைசிப் புள்ளி மங்கலா இருக்கே, லேசா ஒரு தொடு தொட்டுடறேன்” என்று அண்ணி பற்றவைக்கும் சூட்டுக்கோலை எடுக்கிறாள். “பளபளப்பையா கேட்டாங்க? கம்பியைச் சுத்தி நல்லாப் பரவிப் பிடிச்சிருக்கு. மறுபடி சுட்டா அடியில இருக்கிற செப்புத் தகடு உரிஞ்சிடும்.” “ஒரே ஒரு தடவைடி!” நாத்தனார் ஓர் அம்பை உரிக்கிறாள். அண்ணியின் முகம் சுண்டுகிறது. அம்பு நேராக வந்து, கோல் பிடித்த அவள் கையிலேயே ஒட்டிக்கொள்கிறது. “குறை இங்கதான் இருக்கு அண்ணி. பலகை பாஸ்.”