சோற்றை விட்டவர்

தொண்ணூற்றிரண்டு நாட்களாக அவர் சோற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதை ஊருக்குச் சொல்லாமலும் இருக்கவில்லை. அலுவலகத்தில் பிஸ்கட் தின்றவர்களைக் கொலைக் குற்றவாளிகளைப் போலப் பார்த்தார். இன்று கையில் ரத்தப் பரிசோதனை முடிவு வேறு, கேட்க வேண்டுமா?

"சர்க்கரை நார்மல்! பாத்தீங்களா?" டாக்டர் அறைக்கு வெளியே, பக்கத்து நாற்காலிக்காரரிடம் காகிதத்தை நீட்டினார்.

"மாத்திரை எத்தனை வேளை சார்?"

"மாத்திரையா? முதல் நாளே நிறுத்திட்டேன். சோறு, ரொட்டி, கிழங்கு எதுவும் கிடையாது. ரெண்டு வேளையும் ஆம்லெட், கீரை. அவ்வளவுதான். நம்ம மாத்திரையிலதான் சார் இந்த டாக்டருங்க பொழப்பே ஓடுது!"

அருகில் இருந்த மனைவி தொண்டையைச் செருமினாள்.

"இவதான், 'மாத்திரையை விடாதீங்க'ன்னு ஒரே அழுகை. இப்ப பேசச் சொல்லுங்க, பாப்போம்!"

நாற்காலிக்காரர் பையிலிருந்து தன் மாத்திரை அட்டையை எடுத்து வெறுப்போடு பார்த்தார். "பத்து வருஷமா முழுங்கறேன். போதும் சார், நானும் விட்டுடறேன்."

எழுந்து போய்க் குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்தார்.

"அப்படிப் போடுங்க!" என்று கணவர் கைதட்டினார்.

மனைவி ஓடிப்போய் அந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போட்டுடாதீங்கண்ணா! இவரோட மாத்திரையை நான்தான் தினமும் பொடிச்சு ஆம்லெட்ல கலந்து குடுத்துட்டு இருக்கேன்."