தொடையில் ஒரு சன்னம்

“அரிசியில கல்லோ அத்தான்?” பிரதீபா பதறிப்போய் எழும்பினாள்.

இராஜரட்ணம் பல்லில் அகப்பட்டதை எடுத்துப் பீங்கான் விளிம்பில் வைத்தார். மிளகிலும் சின்னதாய், கறுப்பாய் ஒன்று.

“கல்லில்லைப் பிள்ளை. உன்ர மனுசன் சுட்ட தோட்டாவில இருந்த சன்னம்.”

யூனியன்வில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வான்கோழிக் கறியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கோணேஸ்வரன் நிமிர்ந்து சகலனைப் பார்த்தான். இந்த வசந்தத்தின் முதல் காட்டு வான்கோழி வேட்டையில் தன் கைக்கு வந்ததிலிருந்தே மனுசன் முகத்தை உம்மென்று வைத்திருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியும்.

“எவ்வளவு தூரத்தில நிண்டு அடிச்சனீ?”

“முப்பது யார் தூரங்கூட வராது அண்ணை.”

“பொய்! கிட்ட நிண்டு தலைக்கு அடிச்சா தொடைக்குள்ள என்னெண்டு சன்னம் வரும்? தூர அடிச்சாத்தான் பரந்து விழும். அந்தச் சீவன் தப்பினாலும் பத்தைக்குள்ள கிடந்து புழுத்துத்தான் சாகும். உது வேட்டையில்லையடா, கொலை.”

“அது வரேக்கையே நொண்டிக்கொண்டுதான் வந்தது.”

“நொண்டுறது உன்ர புளுகு!”

“சாப்பிட்டிட்டுக் கதையுங்கோவன்,” என்றாள் பிரதீபா.

“நீ சும்மா இரு பிள்ளை. இவன் பவுசுக்கு டங்ஸ்டன் தோட்டா வாங்கினவன். இரும்பே தோத்துப்போகும், அவ்வளவு வைரம். எழுபது யார் தூரத்துக்கும் போகுமெண்டு கடைக்காரன் சொன்னா, கை சும்மா இருக்குமே? நான் இண்டைக்கும் பழைய ஈயச் சன்னந்தான். போன சனிக்கிழமை ஒண்டு அறுபது யாரில நிண்டது. துவக்கையே தூக்கேல்லை. வெறுங்கையோட வந்தனான். உவனுக்கு அந்தப் பொறுமை எங்க?”

கோணேஸ்வரன் சோற்றை அளைந்தான். அந்தத் தோட்டாவை வாங்கியது உண்மைதானே!

இராஜரட்ணம் ஃபோனை எடுத்தார். “ஜூலியனுக்கு இப்பவே சொல்லுறன். அந்தாள் நம்பித் தன்ர காணிக்குள்ள எங்கள் ரெண்டு பேரையும்தான் துவக்கோட விடுறவர். வேற ஒரு குருவி உள்ள போகேலாது. நீ இனி அந்தப் படலையைத் தாண்டமாட்டாய்.”

கிழமை முழுக்க நெடுஞ்சாலையில் லொறியோடு மாரடிக்கிற கோணேஸ்வரனுக்கு, மூச்சுவிட இருக்கிற ஒரே இடம் அந்தக் காடு.

அவன் பீங்கான் விளிம்பில் கிடந்த சன்னத்தை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினான். அது சரியாக உருளவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒரு பக்கம் சப்பளிந்து, அதில் இராஜரட்ணத்தின் பல் பள்ளமாகப் பதிந்திருந்தது.

ஃபோனின் மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.

கோணேஸ்வரன் எழும்பிப் போய், சன்னத்தை அவருடைய உள்ளங்கையில் வைத்தான்.

“வடிவாச் சொல்லுங்கோ அண்ணை. என்ர சன்னத்தைக் கடிச்சிருந்தா, உங்கட பல்லெல்லே உடைஞ்சிருக்கும்!”