எட்டுக் காய்க் கூறு

"எட்டா? ஒரு அணாவுக்கு எட்டுக் காயா?"

தேவீரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்திய கத்தலில் பெட்டகெரெச் சந்தையே ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தியது.

கத்தரிக்காய் வரிசையில் பெரிய பாய் அவளுடையது. அதை அப்படியே போட்டுவிட்டு, சந்தையின் கடைக்கோடியில், ஆட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்திருந்த ஹொன்னியிடம் சண்டைக்கு வந்திருந்தாள்.

"ஆறு காய் ஒரு கூறு. முப்பது வருஷமா இந்தச் சந்தையில அதுதான் வழக்கம். நீ யாருடி எட்டு வைக்க? எங்க வாயில மண்ணைப் போடவா வந்தே?"

ஹொன்னி பல்லைக் கடித்துக்கொண்டாள். பதில் பேசினால் சண்டையாகும். சண்டையானால் சுங்கக்காரர் எழுப்பி விரட்டுவது தன்னைத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

ஊருக்கு வெளியே, தீண்டாதார் குடியிருந்த கேரியில் அவள் குடிசை. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் வேலை பார்த்த குடும்பம். சர்க்கார் கொடுத்த அரை ஏக்கரில் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றி, முதன்முதலாகத் தன் பெயருக்கு விளைவித்த காய் இது.

இது மூன்றாவது வாரம். முதல் இரண்டு வாரமும் ஒரு காய்கூட விற்கவில்லை. யாரும் திட்டவில்லை, விரட்டவில்லை. அவள் கை பட்ட தண்ணீரைக் காய்மேல் தெளிப்பதைப் பார்த்ததும் மெல்லத் திரும்பிப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். வாடிய காயெல்லாம் ஆட்டுக்குப் போயிற்று.

இன்று காலையில் வியாபாரி சென்னபசப்பா வந்தார்.

"கூடையோட பாதி விலைக்கு என்கிட்ட தள்ளிடு. என் பாயில வெச்சா ஊரே வாங்கும். காய்மேல பேரா எழுதியிருக்கு?"

"எழுதலைன்னா என் சாக்குலேயே வாங்கலாமே எஜமானே?"

"வாயைப் பாரு! மூணாவது வாரமும் ஆட்டுக்குப் போடு. அப்போ தெரியும்."

அவர் போன பிறகுதான் அவள் கூறுகளைக் கலைத்து, எட்டு எட்டாக அடுக்கினாள். விற்றால் தன் சாக்கிலிருந்துதான் விற்க வேண்டும். பொழுது சாய்ந்தாலும் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டாள். அதற்குத்தான் இந்தத் தேவீரம்மா வந்து நிற்கிறாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! இவ அணாவுக்கு எட்டு வைக்கிறா. ஒருத்தரும் இந்தப் பக்கம் வரக் கூடாது!"

கத்திவிட்டு அவள் போனாள்.

சற்று நேரத்தில் வாத்தியார் சம்சாரம் மெதுவாக அந்தப் பக்கம் வந்தாள்.

"நிஜமாவே எட்டா?"

"எண்ணிப் பாருங்கம்மா."

அவள் தொட்டு எண்ணவில்லை. கண்ணாலேயே எண்ணினாள். அணாவை மேலேயிருந்து சாக்கில் போட்டுவிட்டுப் பையை விரித்துப் பிடித்தாள். "வீட்ல போய் நாலு தண்ணி விட்டுக் கழுவினா ஆச்சு" என்று கூட வந்தவளிடம் சொன்னது ஹொன்னி காதில் விழுந்தது. சுருக்கென்றது. ஆனாலும் அணாவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மூன்று வாரத்தில் முதல் அணா.

அரை மணி நேரத்தில் தேவீரம்மா மறுபடியும் வந்தாள்.

"எட்டுன்னா சொத்தையும் பூச்சியுமாத்தான் இருக்கும். காட்டுடி!"

கேட்காமலே ஒரு காயை எடுத்தாள். பத்துப் பேர் பார்க்க இரண்டாகப் பிளந்தாள். உள்ளே பால்போல வெள்ளை. இன்னொன்றைப் பிளந்தாள். அதுவும் அப்படியே.

"ஒரு சொத்தைகூட இல்லையே! என் காயில பத்துக்கு ரெண்டு போகுது, இவளுக்கு மட்டும் எப்படி இப்படி விளையுது? என்ன மந்திரம் போட்டாளோ! இளசு வேற, விதையே இல்ல!"

பிளந்த காயைச் சுற்றி நின்றவர்கள் மூக்குக்கு நேரே நீட்டி நீட்டிக் காட்டினாள். தேவீரம்மாவே கையால் தொட்ட காய். பார்த்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு ரெண்டு கூறு."

"ஏய், நான்தான் முன்னாடி நின்னேன்!"

தேவீரம்மா தலையில் அடித்துக்கொண்டு போனாள். ஹொன்னிக்கு நிமிரக்கூட நேரமில்லை. உச்சிப்பொழுதுக்குள் கூடை காலி.

சாக்கை உதறி மடித்தாள். வழக்கமாக ஆட்டுக் கொட்டில் ஓரமாகவே வெளியேறிவிடுவாள். இன்று கத்தரிக்காய் வரிசை நடுவே நேராக நடந்தாள். தேவீரம்மாவின் பாயில் பாதிக் காய் அப்படியே கிடந்தது. வாங்குகிறவர் ஒருவரும் இல்லை.

"அவ்வா" என்றாள் ஹொன்னி. "நீங்க எவ்வளவு ஏசினாலும் அடுத்த வாரமும் வருவேன். அதே இடத்துலதான் உக்காருவேன். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

தேவீரம்மா நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்துப் பாய்க்காரி தூங்கி வழிகிறாளா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"வராம எங்கடி போவே? ஆனா எட்டு வெச்சா உனக்கு என்ன மிஞ்சும், பைத்தியக்காரி? அடுத்த வாரம் நீயும் ஆறே வை. கத்தறதுக்கு நான் வேற ஏதாவது யோசிச்சுக்கிட்டு வரேன்."