நிழல் விழக் கூடாது

குழந்தை நனைத்த துணிகளை அலசிப் பிழிந்து எடுத்துப் போய், முத்தரசு மொட்டைமாடிக் கொடியில் முதல் துணியைத்தான் போட்டிருப்பான். அதற்குள் கீழே கூடத்துச் சுவரில் இருந்த சோலார் பேட்டரி, மாடி ஸ்பீக்கர் வழியே பேச ஆரம்பித்துவிட்டது.

"சோலார் தகட்டின் மேல் நிழல் விழுகிறது. துணியை அகற்றவும்."

துணியை ஓரமாகத் தள்ளிப் போட்டான்.

"இப்போது விழுவது உங்கள் நிழல். கீழே இறங்கவும்."

இறங்காவிட்டால் சாயங்காலம் ஃபேனை நிறுத்திவிடும். போன வாரம் ஒரு காக்கா உட்கார்ந்ததற்கே நிறுத்தியது. "என் வீட்டு மாடியில எனக்கே நிக்க இடமில்ல" என்று பொருமிக்கொண்டே வாளியோடு இறங்கினான். துணி உலர்த்தும் மெஷினில் எல்லாவற்றையும் திணித்துப் பொத்தானை அமுக்கினான்.

"மின்சாரத்தைச் சேமித்துக்கொண்டிருக்கிறேன். துணிகளை வெயிலில் காயப்போடவும்" என்றது பேட்டரி.

முத்தரசுக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அறைக்குள் குழந்தை வீறிட்டான். மிச்சமிருந்த ஒரே காய்ந்த துணியையும் நனைத்துவிட்டிருந்தான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவி ஜெசிந்தா வெளியே வந்தாள். மெஷினைத் திறந்து ஈரத்துணிகளை அள்ளி, சூடேறிக் கிடந்த பேட்டரியின் மேலேயே ஒவ்வொன்றாக விரித்தாள்.

"என்னை மூடாதீர்கள்! துணியை அகற்றவும்! அகற்றவும்!"

"ஐயோ, கத்துது ஜெசி!" என்று முத்தரசு பதறினான்.

"கத்தட்டும். காலையிலேருந்து இவன் கத்துறது அதுக்குக் கேட்டுச்சா?"