வெயில் படாத மணல்

மன்னார் பேசாலையில் மப்பு மூடிய மத்தியானம். அன்ரோனெற்றின் வீட்டு வளவில் வெட்டிய குழிக்குள், கடல் எந்தக் காலத்திலோ விட்டுப்போன சிப்பிகள் வரிவரியாய் வெளுத்துக் கிடக்கின்றன. ஆராய்ச்சிக்கு வந்த டினோஜா குழிச் சுவரில் அறைந்த இரும்புக் குழாயை மணலோடு உருவி, அவசரமாய்க் கறுப்புத் துணியால் மூடுகிறாள். "வெயில் படக்கூடாது அன்ரி. இந்த மணல் கடைசியா எப்ப வெயில் கண்டதெண்டு பாத்தா, கடல் இங்க எப்ப நிண்டதெண்டு தெரியும்." அன்ரோனெற் துணியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடலுக்குப் போன புருஷன் திரும்பவுமில்லை, உடல் ஒதுங்கவுமில்லை. அவரின் இறந்த நாள் பூசையை எந்தத் திகதிக்குக் கேட்பதென்று தெரியாமல் வருடா வருடம் மாதா கோயில் வாசலோடு திரும்பிவிடுகிறாள். "பிள்ளை, அவர் கடைசியா வெயில் கண்ட நாளையும் உது சொல்லுமோ?" டினோஜா குனிந்து, துணியைக் கட்டக் கயிறு தேடுகிறாள். முகில் விலகிச் சுள்ளென்று வெயில் இறங்குகிறது. அன்ரோனெற் சட்டென்று எழுந்து, தன் நிழல் அந்தக் குழாயின் மேல் விழும்படி நின்றுகொள்கிறாள்.