யூனுஸ் வீட்டுச் சைவப் பந்தி

மதுரைக் கல்யாண மண்டப வாசலில் கால் வைத்ததுமே பிரியாணி வாசனை வந்து தங்கப்பாண்டியை வரவேற்றது.

இன்றைக்கு ஒரு பிடி பிடித்துவிட வேண்டியதுதான் என்ற முடிவோடு வந்திருந்தார். அதில்தான் சிக்கல். ஊருக்கே தெரிந்த சைவம் அவர்.

உசிலம்பட்டியில் உரக்கடை. ஒரு வருஷமாகக் கடைக்கு வருகிறவர்களுக்கு உரம் பாதி, உபதேசம் பாதி. "சாஸ்திரத்துல என்ன சொல்லியிருக்குன்னா..." என்று ஆரம்பித்தால் வந்தவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதுதான். மச்சினன் விருமாண்டி மகளுக்குக் காது குத்திக் கிடா வெட்டியபோது, இலையில் உட்கார்ந்தவர்களிடமே போய், "ஆடும் ஒரு ஆத்மாதான்யா" என்று பேசி பாதிப் பேரை எழுப்பிவிட்ட புண்ணியவான்.

அப்படிப்பட்டவர் போன மாதம் ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார். தள்ளுவண்டியில் ஈரல் வதங்கிக்கொண்டிருந்தது. அதோடு போயிற்று விரதம். வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். பள்ளித் தோழன் யூனுஸிடம் மட்டும் காதோடு காதாகச் சொல்லிவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடலாம் என்பது திட்டம்.

"வா பாண்டி!" மகளின் கல்யாணக் களையோடு யூனுஸ் ஓடிவந்து கையைப் பிடித்தார். "உனக்காகவே மாடியில சைவப் பந்தி போட்டிருக்கேன். தனி அடுப்பு, தனிப் பாத்திரம். கரண்டி கூட கறிச்சட்டிப் பக்கம் போகல."

"எதுக்குப்பா இம்புட்டு சிரமம்? நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஒண்ணும் சொல்லாத. சாஸ்திரப்படி நடக்குற மனுசன். உன்னைய நாங்க மதிக்க வேணாமா?"

இழுக்காத குறையாக மாடிக்குக் கூட்டிப்போனார். அங்கே நாலைந்து பேர்தான் இருந்தார்கள். முதல் இலையில் விருமாண்டி!

"வாங்க மச்சான்!" என்று எழுந்து நின்றான். "அன்னைக்குக் காதுகுத்துல நீங்க பேசுனது மனசுல அப்படியே தச்சிருச்சு. அதுக்கப்புறம் ஒரு துண்டு தொடல."

தங்கப்பாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் பேசியதில் ஒரே ஒருத்தன் திருந்தியிருக்கிறான். அவனும் இன்றைக்குத்தான் கண்ணில் படவேண்டுமா?

இலையில் உட்கார்ந்தார். பக்கத்திலேயே யூனுஸும் உட்கார்ந்தார்.

"நீ கீழ போப்பா. மக கல்யாணத்துல நீ எதுக்குச் சாம்பார் திங்கிற?"

"விருந்தாளியத் தனியா விடுறது எங்க மார்க்கத்துல முறையில்ல பாண்டி."

முட்டைக்கோஸ் பொரியல் வந்தது. வெண்டைக்காய் வந்தது. சாம்பார் வந்தது. கூடவே படிக்கட்டு வழியாகப் பிரியாணி வாசனையும் ஏறி வந்தது.

"நாக்கை அடக்குறதப் பத்தி நீ ஒண்ணு சொல்லுவியே, அதச் சொல்லு. விருமாண்டியும் கேக்கட்டும்," என்றார் யூனுஸ்.

"நாக்கை அடக்குனவனுக்குத்தான் மோட்சம்," என்றார் தங்கப்பாண்டி, படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே.

விருமாண்டி கண்ணை மூடி மூச்சை ஆழமாக இழுத்தான். என்ன பக்தி இவனுக்கு என்று தங்கப்பாண்டிக்குக் கூச்சமாகிவிட்டது. வெண்டைக்காயை வாயில் போட்டு விழுங்கினார்.

கிளம்பும்போது யூனுஸ் ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தார். "இனிப்பு. வீட்டுல போய்த் தின்னுங்க."

ஊர் திரும்ப ஆரப்பாளையத்தில் தங்கப்பாண்டியும் விருமாண்டியும் பஸ் ஏறினார்கள். செக்கானூரணி தாண்டியதும் தங்கப்பாண்டிக்கு மடியில் சுட்டது. இனிப்பு எதற்குச் சுட வேண்டும்? பைக்குள் கையை விட்டு டப்பாவின் மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

பிரியாணி. அதற்கு மேலே ஈரல் வறுவல்.

படக்கென்று மூடினார்.

"என்ன மச்சான், ஒரு மாதிரி வாசமா இருக்கு?" என்றான் விருமாண்டி.

"கீழ்ப் பந்தி வாசம். வேட்டியில ஒட்டியிருக்கு மாப்ள."

"ஆமா மச்சான். என் வேட்டியிலயும் ஒட்டியிருக்கு," என்று சொல்லி அவன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

போன் அடித்தது. யூனுஸ்.

"பாத்துட்டியா? பஸ் ஸ்டாண்டு தள்ளுவண்டி ருசி வராது. ஏதோ எங்களால முடிஞ்சது."

தங்கப்பாண்டி வாயைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"பத்திரிகை குடுக்க உங்க ஊருக்கு வந்தன்னைக்கு எதுத்த டீக்கடையிலதான் நின்னேன். அந்த வண்டிக்கு யார் யார் வாரா, போறான்னு எல்லாம் பாத்தேன்."

"அடப்பாவி! தெரிஞ்சுக்கிட்டேவா எனக்குச் சாம்பார் ஊத்துன?"

"ஒரு வருசம் உன் உபதேசத்தக் கேட்டிருக்கேன்ல? ஒரு வேளை சாம்பார் திங்க மாட்டியா? நானும்தானே கூட உக்காந்து தின்னேன்." யூனுஸ் சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அடுத்தவன் குறைய நாலு பேர் முன்னாடி உடைக்காதன்னு எங்க மார்க்கத்துல சொல்லியிருக்கு பாண்டி. உன் மச்சினன் முன்னாடி உன்னைய நான் விட்டுக்குடுப்பேனா?"

தங்கப்பாண்டி விருமாண்டியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு இன்னும் மெதுவாகச் சொன்னார். "பாவம்ப்பா அவன். என் பேச்ச நம்பி நெசமாவே விட்டுட்டான். அவன் மூஞ்சியப் பாக்கவே எனக்கு வெக்கமா இருக்கு."

"மூஞ்சிய ஏன் பாக்குற? அவன் மடியில இருக்குற பையத் தொட்டுப் பாரு. அதுவும் சுடும்."