ஆறரை மணி உறுமல்

எல்லையில் நிற்கும் டாங்கியை மாசானமுத்து தினமும் காலை ஆறரைக்குப் பத்து நிமிடம் உறும விடுவான். அந்தப் பக்கத்துக்காரர்கள் பயப்பட வேண்டும், அதற்குத்தான். அவர்களும் ஆறே முக்காலுக்குத் தங்கள் டாங்கியை உறுமவிட்டுப் பதில் சொல்வார்கள். டீசல் ஏற்றிவந்த கப்பலை எங்கோ ஒரு கடலில் யாரோ மறித்துவிட்டதால், இன்று ஒரு சொட்டுக்கூட இல்லை.

“சத்தம் கேக்கலைன்னா நம்மகிட்ட எண்ணெய் இல்லன்னு தெரிஞ்சிரும். மத்தியானத்துக்குள்ள ஏறி வந்துருவான்,” என்றார் சுபேதார் எபனேசர். “ஏல, உன் குறட்டைய நாலு மாசமா கேக்கேன். டாங்கியே தேவல.”

“அது தூங்குனாத்தான் வரும், ஐயா.”

“முழிச்சுக்கிட்டே விட்டுப் பாரு.”

காலி டீசல் பீப்பாய்க்குள் தலையை விட்டு மாசானமுத்து உறுமினான். பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டிக்குக்கூட அவனைச் சேர்த்ததில்லை. இன்று நாட்டின் பாதுகாப்பே அவன் தொண்டையில் வந்து நின்றது. பத்து நிமிடத்தில் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

ஆறே முக்காலுக்கு அந்தப் பக்கம் உறுமல் எழுந்தது. “ஐயோ, அவன்கிட்ட எண்ணெய் இருக்கு,” என்றார் சுபேதார். மாசானமுத்து மட்டும் காதைச் சாய்த்துக் கேட்டான். அதிலும் பீப்பாயின் ரீங்காரம் இருந்தது. இரண்டாவது நிமிடத்தில் அது நின்று, ஒரு மனிதன் இருமினான். விடாமல் இருமினான்.

“பாவம், டீசல் வாடை தொண்டைல ஏறிருக்கும்,” என்றான் மாசானமுத்து. அவனுக்கு யாரையாவது கும்பிட வேண்டும் போலிருந்தது. கப்பலை மறித்தவனையா, இருமுகிறவனையா என்றுதான் தெரியவில்லை. அங்கே உள்ள சுபேதார் திட்டத் தொடங்குவதற்குள், மறுபடி பீப்பாய்க்குள் தலையை விட்டு, இருமியவன் விட்ட இடத்திலிருந்து உறுமினான்.